நேரலையில் டோலோ அண்ணன்

"நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடறேன். உங்க வீட்டுல உட்கார எனக்கு மனசு இல்ல, டோலோ அண்ணே."

நாற்காலியை இழுத்துப் போட்ட மனிதர் அப்படியே நின்றுவிட்டார். வானொலி நிலையத்துக் காலண்டரில் மெர்லிண்டா பார்த்திருந்த அதே முகம்தான். கொஞ்சம் இளைத்திருந்தது. இந்தப் புழுக்கத்திலும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

"காலையில ரேடியோவுல என்ன சொன்னீங்க? மணல் அள்ளுற கப்பலுக்குத் தீவு ஜனங்க மனசாரச் சம்மதிச்சுட்டாங்கன்னா? எங்களை யாரு கேட்டா? கடலடி மணலை உறிஞ்சி உறிஞ்சி, கரையோரம் இருந்த என் தங்கச்சி வீடு போன வாரம் தண்ணியில சரிஞ்சு விழுந்துச்சு. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரல."

அவர் ஏதோ சொல்ல வருவதுபோலக் கையை உயர்த்தினார்.

"கையைக் காட்டி என்னை அடக்காதீங்க. கேளுங்க."

கை இறங்கியது.

"நிலையத்தை மணல் கம்பெனிக்காரன் வாங்கினான். சரி. மீனவர் நிகழ்ச்சியைத் தூக்கினான். புயல் சேதி போச்சு, சாவுச் சேதி போச்சு. நம்ம பேச்சே இல்லாம நாள் பூரா மணிலாப் பாட்டு. அப்பவும் நாங்க என்ன சொல்லிக்கிட்டோம் தெரியுமா? 'டோலோ அண்ணன் இருக்காருல்ல, அவரு விடமாட்டாரு'ன்னு. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு உங்களை மட்டும் ஏன் வெச்சிருக்கான்னு இப்பத்தான் புரியுது."

அவர் உள்ளே போகத் திரும்பினார். மெர்லிண்டா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க ஓடறீங்க? பெரிய புயலப்போ என் புருஷன் படகு திரும்பல. 'மெர்லிண்டா, அழாதம்மா, உன் ஆளு அடுத்த தீவுல பத்திரமா இருக்கான்'னு ரேடியோவுல என் பேரைச் சொல்லிச் சொன்னீங்க. அந்தக் குரலை நம்பித்தானே நாங்க கடலுக்குப் போனோம், வந்தோம்? அதே குரல்ல எப்படி அண்ணே பொய் வருது?"

அவர் கண்கள் நிறைந்தன. உதடுகள் அசைந்தன, பிறகு இறுக மூடிக்கொண்டன.

"அழுகை எல்லாம் எதுக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்க. பயந்துட்டேன்னு சொல்லுங்க, மன்னிச்சுட்டுப் போயிடறேன். இத்தனை தூரம் படகுல வந்தவளுக்கு ஒரு பதில்கூடவா கிடையாது? மைக்குக்கு முன்னாடி மட்டும்தான் பேச வருமா?"

கேட் திறந்தது. காய்கறிப் பையோடு வந்த அவர் மனைவி நார்சிசா, கணவனையும் அந்நியப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அக்கா. ஊரு பூரா கேட்கப் பொய் சொல்லிட்டு, என் முன்னாடி கல்லு மாதிரி நிக்கறாரு. உங்க வீட்டுக்காரரை வாயைத் திறந்து பேசச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டு நின்றது. மெர்லிண்டாவுக்கு நன்றாகப் பழகிய அந்தக் கனமான குரல் சுவரைத் தாண்டி வந்தது. "வணக்கம் மக்களே. உங்க டோலோ அண்ணன்தான், பகல் செய்தியில நேரலையா பேசறேன். மணல் கப்பலால யாருக்கும் ஒரு குறையும் இல்ல..."

மெர்லிண்டா எதிரே நின்றவரைப் பார்த்தாள். அவர் வாய் மூடியே இருந்தது.

நார்சிசா பையைக் கீழே வைத்தாள்.

"புத்துநோய்னு குரல்வளையையே எடுத்துட்டாங்கம்மா. எட்டு மாசமா இவருக்குப் பேச்சே கிடையாது. நிலையத்தை வித்தப்போ இவரோட பழைய பேச்சுப் பதிவு எல்லாத்தையும் சேர்த்து வித்திருக்காங்க. அதைக் கேட்டுப் படிச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் இவரு மாதிரியே பேசுது. நிறுத்தச் சொல்லி இவரு எழுதி எடுத்துக்கிட்டுப் போனா, வாசல்ல நிக்கற புதுக் காவலாளி சிரிக்கறான். 'டோலோ அண்ணன் உள்ள பேசிக்கிட்டு இருக்காரு, நீ யாருய்யா?'ங்கறான்."