மடிப்புக்குள் ஒருத்தி

படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் மேசை மேல் தாத்தா குடும்பத்தின் ஒரே படம் கவிழ்ந்து கிடக்கிறது. படத்தின் ஓரத்தில், அப்போது நான்கு வயதான அத்தை நிற்கிறாள். அவள் தோளில் யாரோ ஒருவரின் நான்கு விரல்கள். அது யார் கையென்று அப்பா கடைசிவரை சொன்னதே இல்லை. குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்த நான், அதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தையைக் கூட்டி வந்திருக்கிறேன். கடைக்காரர் துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். பின்அட்டை விலகியதும் தூசி வெயிலில் மிதக்கிறது. "படத்த வெட்டலம்மா, ஓரத்த மடிச்சு வச்சிருக்காங்க," என்று சொல்லி மடிப்பைக் கத்தி முனையால் மெல்ல விரிக்கிறார். இத்தனை வருடம் வெளிச்சம் படாத அந்தப் பட்டையில், அத்தையின் தோளில் கை வைத்தபடி பதினாறு வயதுப் பெண்ணொருத்தி பளிச்சென்று நிற்கிறாள். மற்றவர்கள் விறைத்திருக்க, அவள் மட்டும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். "யாரு அத்தை இது?" அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்கிறாள். "பெரியக்கா," என்கிறாள். சொன்ன வாயே திடுக்கிட்டதுபோல் என் பக்கம் திரும்புகிறாள். "எனக்கொரு அக்கா இருந்தாளாடி?" அவள் பேரும் எனக்குத் தெரியாது, போன இடமும் தெரியாது. கடைக்காரர் பழைய சட்டத்தை எடுக்கிறார். அத்தை அவர் கையைத் தடுக்கிறாள். "அது வேணாம். இவளும் நிக்கற மாதிரி அகலமா ஒண்ணு போடுங்க."