அழுத்தமான தரையிறக்கம்

விமானி குனிந்து, சக்கரங்களைத் தாங்கும் தண்டைத் தடவிப் பார்த்தார்.

அதை வடிவமைத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அந்தத் தண்டை இதுவரை டைட்டானியத்தில்தான் செய்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் கைவிரித்தபோது, உறுதிமிக்க எஃகு போதும் என்று சொன்னவள் அவள்தான்.

எஃகு கனம். எடை கூடக் கூடாதே என்று தண்டை மெலிதாக்கியிருந்தாள். அந்த மெலிவுதான் எல்லார் கண்ணையும் உறுத்தியது.

ஆய்வகத்தில் என்ன பாடு படுத்தியும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஆனாலும் யாருக்கும் மனசு ஒப்பவில்லை. இன்று பறக்க வேண்டிய வேறொரு விமானி, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று காலையில் நழுவிவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு, விடுப்பில் இருந்த இவர் கிளம்பி வந்துவிட்டார்.

"கணக்கு நீங்க போட்டதுதானே?"

"ஆமா."

"அப்ப சரி."

வேறெதுவும் கேட்காமல் ஏறிப் போனார். சுற்றி நின்ற பொறியாளர்கள் ஏனோ ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

விமானம் எழும்பியது. ஊருக்கு மேல் பெரிதாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பியது.

இறங்கும்போது தொப்பென்று விழுந்தது. சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது.

தண்டு அமுங்கியது. பிறகு நிமிர்ந்தது. விமானம் நேராக ஓடி, வேகம் தணிந்து, நின்றது.

எல்லாரும் கைதட்டினார்கள். அவளால் முடியவில்லை. அங்கிருந்த கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் நேராக அவளிடம் வந்தார்.

"கொஞ்சம் அழுத்தமாத்தான் இறக்கினேன். வேணும்னேதான்," என்றார் தணிந்த குரலில். "இனிமே உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

நன்றாகத் திட்டிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அதற்குள் கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, இன்னிக்கு நான் அப்பா வீட்டுக்குப் போற நாள். கிளம்பி ரெடியா உக்காந்திருக்கேன், அப்பாவைக் காணவே காணோம்."

குரல் அவருக்கும் கேட்டுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதோ, வந்துட்டே இருக்கார் கண்ணு," என்றாள் அவள்.

அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் கூடத்தான் வரேன்."