பச்சை வளையல்

வளைகாப்பில் மாமியார் ஷாலினி போட்டுவிட்ட வளையல், ஆதிரையின் ரத்தத்தில் துளி மருந்து கலந்தாலும் சிவந்து, வீட்டில் எல்லோர் போனையும் அலறவைக்கும். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைக்கு ஆகாது என்று நிறுத்தவைத்தார்கள்.

அதன்பின் ஆதிரைக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. உட்கார்ந்த இடத்தில் அழுதாள். பார்க்க வந்தவர்கள் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள்.

"வளையல் பச்சையாத்தானே இருக்கு? அப்புறம் என்ன?"

ஒரு நாள் காலையில் ஷாலினி தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் அழுகையைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசே விட்டுப்போச்சும்மா. டாக்டர் எனக்கு இதைக் குடுத்திருக்கார். கேக்குமா?"

அவள் உள்ளங்கையில் இருந்தது, ஆதிரை நிறுத்திய அதே மாத்திரை.

"நல்லாவே கேக்கும் அத்தை," என்றாள் ஆதிரை. "எனக்குக் கேட்டுச்சு."