உட்கூரைக்கு ஒரு விலை

"ரெண்டாயிரம் மார்க்கா? இதைச் சுரண்டி எடுக்கவா?" கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள் வத்சலா.

"வெளிநாட்டுக்காரன்னு தலையில மிளகா அரைக்கப் பார்க்கிறான்," என்றான் சிதம்பரம்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் அவர்கள் போன மாதம் வாங்கிய பழைய வீடு அது. படுக்கையறை உட்கூரையில் மட்டும் கரடுமுரடான பூச்சு. கதவைச் சாத்தினாலே பொடி உதிரும். அவளுக்கோ மாதம் எட்டு. எதிர்வீட்டுப் பெயின்டர் கெல்லர் கேட்டது அவனுடைய இரண்டு மாதச் சம்பளம்.

சிதம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை ஏணி போட்டு, தானே சுரண்டத் தொடங்கினான். பூச்சு பெயர்ந்த இடத்தில் கன்னங்கரேலென்று கரி.

ஜன்னல் வழியே சத்தம் கேட்டு ஓடிவந்த கெல்லர், அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"நான் பிறந்த வீடு இது. போரில் குண்டு விழுந்த ராத்திரி, இந்த அறைப் புகையில்தான் அம்மா போனாள். அந்தக் கரியைப் பார்க்க முடியாமல் நான்தான் இதைப் பூசினேன். இனி யாரும் தொடக்கூடாதென்றுதான் அந்த விலை சொன்னேன்."

சிதம்பரம் கூசிப்போய், வத்சலாவிடம் தமிழில் சொன்னான். அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே பூசிடச் சொல்லுங்க. நாம பக்கத்து ரூம்ல படுத்துக்கலாம்."

அவன் அதை ஜெர்மனில் சொன்னதும், கெல்லர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு கைநீட்டிச் சுரண்டியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பூச்சைத் தானே சுரண்ட ஏணியில் ஏறினார்.

"கூலி..." என்று இழுத்தான் சிதம்பரம்.

"ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கால் நடுங்குகிறது."