மூச்சு விடாத மூன்று கிலோமீட்டர்

“மூணு கிலோமீட்டர்! நடுவுல ஒரு மூச்சுகூட விடாம ஓடினேன்!”

அவசர சிகிச்சைப் பிரிவில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறிவித்தார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்தாறு வருடம் “உள்ள போ, உள்ள போ” என்று கத்திய குரல். மாடியில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தவர்கள்கூட அதைக் கேட்டு ஒருக்களித்துப் படுத்திருப்பார்கள்.

அவர் உள்ளங்காலிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அப்பாவின் ஃபோனிலிருந்து யாரோ அழைத்து, “மூச்சு முட்டிக் கொண்டுவந்திருக்காங்க, உடனே வாங்க” என்று சொன்னதும் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள்.

“புளுகாதீங்கப்பா. மூணு விளக்குக் கம்பம் தாண்டினாலே உங்களுக்கு நாக்கு தள்ளிடும்.”

அதுவும் நிஜம்தான். ஓட ஆரம்பித்த முதல் நாள், இரண்டாவது கம்பத்திலேயே விலாவுக்குள் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகினார்கள். மூன்றாவது கம்பத்தைக் கட்டிக்கொண்டு அவர் மூச்சு இழுத்த இழுப்பில் தெருச் சருகெல்லாம் அவர் பக்கமாக நகர்ந்தது. நான்காவது நாள் துரத்த வந்த நாய் ஒன்று, ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வீடுவரை கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போனது.

அறுபத்து மூன்று வயதில் ஏன் இந்த வம்பு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. போன வருடம் ஒரு மத்தியானம் அவர் மனைவி, “லேசா இரைக்குது, ஒண்ணுமில்ல” என்றாள். அரை மணியில் உதடு நீலம் பாரித்தது. தெருக்கோடி டாக்டரைக் கூட்டிவர ஓடியவர், பாதி வழியில் மூச்சு முட்டி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய் டாக்டரோடு திரும்பியபோது, டாக்டருக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

“உட்காராம ஓடியிருந்தீங்கன்னா என் தங்கச்சி இருந்திருப்பா, மாப்பிள்ளை.” உடலைச் சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும் மச்சான் சொன்னார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முத்திரை குத்தாத எதையும் நம்பாத மனிதர், மாப்பிள்ளை உட்பட.

“பேசிக்கிட்டே ஓடுங்கப்பா. பேச்சு திக்கினா வேகத்தைக் குறைங்க” என்று மகள்தான் வழி சொல்லிக்கொடுத்தாள். யாரோடு பேசுவது? கண்டக்டர் தினமும் காலை ஆறு மணிக்குக் காதில் ஃபோன் ஒயரை மாட்டிக்கொண்டு மச்சானையே கூப்பிட்டார். ஊரின் மறுகோடியில் தனிக்கட்டையாக இருந்த மச்சானும், திட்டுவதற்காகவாவது எடுத்தார்.

“ஏழாவது கம்பம், மச்சான்!”

“அளந்தீங்களா?”

“கம்பத்துக்குக் கம்பம் முப்பது மீட்டர்!”

“எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டுக் கதை விடுறீங்க.”

பத்து நாளாக இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. “ஏதோ விசில் சத்தம் கேக்குதே, மச்சான்?” என்று கண்டக்டர் கேட்டால், “வேற எங்கே? உங்க நெஞ்சுலதான். நிறுத்தித் தொலைங்க” என்று பதில் வரும். மகளிடமும் புகார் போனது: “உங்கப்பன் நெஞ்சுல ரயில் ஓடுதும்மா. காது குடுத்துக் கேக்க முடியல.”

மகள் இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டாள். “மாமா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கேட்டீங்களா? இன்னிக்கு என்னதான் ஆச்சு?”

“ஒன்பதாவது கம்பத்துக்கிட்ட விசில் ரொம்ப மோசமாயிடுச்சு. நின்னு, வாயை மூடி, மூச்சை அடக்கிப் பார்த்தேன். விசில் அடங்கல. அப்புறம் ஒண்ணும் யோசிக்கல. ஓடினேன்.”

“மூச்சு முட்டினா உலகத்துல எவனாவது மூணு கிலோமீட்டர் ஓடுவானா?”

“நான் ஓடினேன்.”

“அய்யோ, போதும்ப்பா!”

மகள் வற்புறுத்தி எடுக்கச் சொன்ன எக்ஸ்ரே படத்தோடு டாக்டர் வந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “நுரையீரல் சுத்தமா இருக்கு. இரைப்பா? இவருக்கா? அதுக்கான அடையாளமே இல்லையே.”

“அப்ப அந்த விசில்?”

கண்டக்டர் தலையைத் திருப்பினார். அவர் பார்வை பக்கத்துப் படுக்கையை மறைத்திருந்த பச்சைத் திரைமேல் இருந்தது. அதற்குள்ளிருந்து விட்டுவிட்டு ஒரு விசில் சத்தம் வந்தது.

டாக்டர் திரையை ஒதுக்கினார். உதடு நீலம் பாரித்து, முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு, நெஞ்சு எகிறி எகிறித் தணிய, மச்சான் கிடந்தார்.

“மாமா!”

“இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா இங்கே கொண்டுவந்திருக்கவே வேண்டாம்” என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “இப்பவும் ரெண்டு நாள் தாண்டினாத்தான் சொல்ல முடியும். இவர் வீட்டு ஜன்னலை உடைச்சுக்கிட்டு உள்ளே போகணும்னு உங்கப்பாவுக்கு எப்படித்தான் தோணிச்சோ?”

மச்சானின் கை மெல்ல மேலே வந்தது. நர்ஸ் தடுப்பதற்குள் மூடியை ஒரு விரலளவு தூக்கினார். கண்டக்டரைப் பார்க்கவில்லை, தங்கை மகளை மட்டும் பார்த்தார்.

“ஓடினாரும்மா… உட்காரல. ஃபோன் கடைசிவரை என் காதுலதான் இருந்துச்சு. கேட்டது ஒரே ஒரு மூச்சு. அது என்னோடது.”