சீப்பு சொன்ன தீர்ப்பு

திலகா அக்காவின் குளியலறை மாடத்துக்குப் புது ஷாம்பு ஒன்று வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போவதற்கென்றே வாங்கியது.

அங்கிருந்த சீப்பு சிரித்தது. "வாப்பா, நீ நாலாவது ஆள். முன்னாடி வந்த மூணு பேரும் குப்பைக்குப் போயிட்டாங்க. நாளைக்கு நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

ஷாம்பு பயந்துபோய், உயிரைக் கொடுத்து நுரைத்தது. அக்காவின் முடி பஞ்சு மாதிரி ஆனது. ஆனால் சீப்பு நாலு இழுப்பு இழுத்ததும் மறுபடியும் பிசுபிசுத்தது.

"பார்த்தியா, நான் சொல்லல?" என்றது சீப்பு.

அப்போது அக்காவின் கை தவறி, சீப்பு நுரைத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அதன் பல் இடுக்கிலிருந்து கறுகறுவென்று எண்ணெய் அழுக்கு மிதந்து வந்தது. அக்கா "ச்சீ" என்று ஷாம்புவை எடுத்து சீப்பின் மேலேயே ஊற்றித் தேய்த்தாள்.

"ஏண்ணே," ஷாம்பு மெதுவாகக் கேட்டது, "இதான் உங்களுக்கு முதல் குளியலா?"