முகவரிக் கட்டம்

லேக் மார்க்கெட் சந்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஜெயப்ரியா, காலையில் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய ஹெல்காவின் பாஸ்போர்ட்டை விரித்துவைத்து டைப் செய்கிறாள். வெளிநாட்டவர் தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அரசுக்குப் படிவம் போயாக வேண்டும். ஃபேன் காற்றில் விசாத் தாள் படபடக்க, ஹெல்கா தன் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைக்கிறாள். கீழே ஆட்டோக்காரர் "கரியாஹாட், கரியாஹாட்" என்று சவாரிக்கு ஆள் கூவுகிறார். "உங்க ஊர் முகவரி, மேடம்?" "வீட்டை வித்துட்டேன். போன மாசம்." அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது. "பழையதையே போட்டுடலாம்," என்கிறாள் ஜெயப்ரியா. ஹெல்கா தெருவைச் சொல்கிறாள், எண்ணைச் சொல்கிறாள். கட்டம் நிரம்பிவிடுகிறது. "பச்சைக் கதவு," என்று தொடர்கிறாள். "மணி ரிப்பேர். கையாலதான் தட்டணும்." அதற்குப் படிவத்தில் இடமில்லை. ஜெயப்ரியாவின் விரல்கள் எந்த எழுத்தையும் அழுத்தாமல், டைப் செய்வதுபோல் விசைகளின்மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றன.